ஊர் நிலமும் புதிய நகரங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஆண்டறிக்கையோடு வெளிவரும் இம்மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென நிர்வாகத்தார் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் திண்ணையில் என்னிடம் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள் அதுமுதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

முதல் கேள்வியைக் கேட்டவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவருக்குச் சாலையோரத்தில் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. "ஹஜ்ரத், மனை போடுவதற்கு நிலத்தைக் கேட்கிறார்கள். என் அத்தா காலத்திலிருந்து பயிர் செய்த நிலம். கொடுப்பது சரியா?" என்றார். அருகில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், பெரியவருக்கு நான் பதில் சொல்லும் முன்பே, "ஹஜ்ரத், நிலத்தை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டால் எங்களைப் போன்றவர்கள் எங்கே வீடு கட்டுவது? கல்யாணமாகி ஆறு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது.

அன்று நான் இருவருக்கும் முழுமையான பதில் சொல்லவில்லை. நிலம் உடையவரின் கவலையும் வீடு இல்லாதவரின் தேவையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தன. இரண்டும் நியாயமானவை. உலகில் கிராமப்புறத்தை அழித்துப் புதிய நகரங்கள் எழ முற்பட்ட இடங்களில் எல்லாம் இதே இரண்டு கேள்விகள் எழுந்திருக்கின்றன. அவ்விடங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்வது நமக்கு ஒரு படிப்பினையாக அமையும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த நேரம். ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சால் இலண்டன் மாநகரின் பல பகுதிகள் தரைமட்டமாகியிருந்தன. வீடிழந்தோரும் நெரிசலான குடியிருப்புகளில் வாடியோரும் இலட்சக்கணக்கில் இருந்தனர். இவர்களைக் குடியமர்த்த, தலைநகரைச் சுற்றியுள்ள நாட்டுப்புறங்களில் புதிய நகரங்களை உருவாக்குவதென 1945இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு முடிவு செய்தது. அதற்கென 1946ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய நகரங்கள் சட்டம் நிறைவேறியது. முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட ஊர், இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டீவனேஜ். அன்று அங்கு வாழ்ந்தோர் சுமார் 6,000 பேர். திட்டமோ 60,000 பேருக்கானது.

சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, 1946 மே மாதத்தில், அத்துறையின் அமைச்சர் லூயிஸ் சில்கின் அவ்வூருக்கு வந்து பொதுக்கூட்டத்தில் பேசினார். கூட்டத்தில் கூச்சலும் எதிர்ப்பும் எழுந்தன. கூச்சலிடுவதால் பயனில்லை, திட்டம் நடந்தே தீரும் என்ற கருத்துப்பட அமைச்சர் பேசிவிட்டார். அவர் வந்த காரின் டயர்களில் காற்று இறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஊர் இரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையை மாற்றி, சர்வாதிகார நாட்டு நகரம் ஒன்றின் பெயரைப் போல 'சில்கின்கிராடு' என்று எழுதி வைத்தார்கள் ஊர்மக்கள்.

இவ்வளவு கோபத்திற்குக் காரணம் நிலம் மட்டுமன்று. தங்களைக் கேட்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதே அம்மக்களின் மனவேதனை. சட்டப்படி ஆட்சேபணைகளைக் கேட்க ஒரு விசாரணை நடந்தது. ஆனால் ஏற்கெனவே மனத்தில் தீர்மானித்துவிட்ட ஒருவர் கேட்கும் விசாரணை எப்படி விசாரணையாகும் என்று கேட்டு, அவ்வூரார் சிலர் நீதிமன்றம் சென்றனர். முதல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. இறுதியாக 1947ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையும் அமைச்சருக்குச் சாதகமாகவே முடிவு கூறியது. அமைச்சர் செய்தது நிர்வாகப் பணியே தவிர நீதிபதியின் பணியன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்வழக்கு சட்டக்கல்லூரிகளில் பாடமாகப் படிக்கப்படுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். ஈ.எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் தமது இளம்பருவத்தை ஸ்டீவனேஜை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில் கழித்தவர். அலிகர் கல்லூரியை நிறுவிய சர் ஸையித் அஹ்மத் கான் அவர்களின் பேரர் ஸையித் ராஸ் மஸ்ஊத் இங்கிலாந்தில் பயின்றபோது அவருக்கு இலத்தீன் கற்பித்தவர் இவர். அந்த நட்பின் நினைவாக, 1924இல் வெளிவந்த இந்தியாவைப் பற்றிய தமது புகழ்பெற்ற நாவலை மஸ்ஊத் அவர்களுக்கே காணிக்கையாக்கினார். அவர் தம் இளமைக்கால வயல்வெளிகள் நகரமாவதைக் கண்டு மனம் நொந்தார். எனினும் 1946இல் வானொலியில் பேசியபோது, மக்களுக்கு வீடு தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. வீடு வேண்டும் என்பதும் உண்மை, ஒரு பழைய நிலப்பரப்பு என்றென்றைக்குமாக அழிகிறது என்பதும் உண்மை, இவ்விரண்டையும் சமாதானப்படுத்தத் தம்மால் இயலவில்லை என்பதே அவருடைய நிலையாக இருந்தது. நம் பள்ளித் திண்ணையில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் அவர் ஒருவர் உள்ளத்திலேயே இருந்தன.

புதிய நகரம் கட்டப்பட்டது. இன்று அங்கு ஏறத்தாழ 90,000 பேர் வாழ்கிறார்கள். அன்று இலண்டனின் நெரிசலிலிருந்து வந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது காற்றோட்டமான வீட்டையும் வேலையையும் தந்தது. எதிர்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்று இதனால் கூறிவிட முடியாது. கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்பது, முடிவு பயன் தந்ததால் சரியாகிவிடாது.

சென்னைக்கு அருகே ஒரு துணை நகரம்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 2006ஆம் ஆண்டு மே மாதம் கலைஞர் கருணாநிதி அவர்கள் தலைமையில் அமைந்த அரசு, சென்னையின் நெரிசலைக் குறைக்க வண்டலூர் – கேளம்பாக்கம் பகுதியில் ஒரு துணை நகரம் அமைக்க எண்ணியது. செய்தி வெளியான உடனே அப்பகுதிக் கிராமங்களில் கலக்கம் உண்டாயிற்று. ஏரிகளும் நஞ்சை நிலங்களும் நிறைந்த ஊர்கள் அவை. அந்த அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்து வந்த பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் மருத்துவர் இராமதாசு அவர்களே அத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை இல்லாத அரசு அது. அந்த ஆண்டிலேயே திட்டம் கைவிடப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

எதிர்ப்பு வென்றது. கிராமங்கள் காப்பாற்றப்பட்டன என்று அன்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் இன்று வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை பயணம் செய்கிறவர்கள் காண்பது என்ன? சாலையின் இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், மனைப்பிரிவுகள், கல்லூரிகள். அரசு கட்ட நினைத்த நகரம் வரவில்லை. திட்டமில்லாத ஒரு நகரம் துண்டு துண்டாக வந்து சேர்ந்துவிட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் போகும் என்றபோது ஒன்றுகூடி எதிர்க்கிறோம். ஒவ்வோர் ஏக்கராகப் போகும்போது அது போவதே தெரிவதில்லை.

2015 டிசம்பர் மாதத்துப் பெருமழையின்போது முடிச்சூர் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் நீரில் மூழ்கியதை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். தண்ணீருக்கு வன்மம் கிடையாது. ஏரிக்குச் செல்லும் பழைய வழியை அது நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது புதிதுமன்று. இன்று வியாபாரம் கொழிக்கும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு என்பதை அங்கு துணி வாங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1894ஆம் ஆண்டுச் சட்டம்

அரசு ஒருவருடைய நிலத்தை அவர் விருப்பமின்றியே எடுத்துக்கொள்ள வழி செய்த சட்டம், ஆங்கிலேயர் காலத்தில் 1894இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டமாகும். இருப்புப்பாதைக்கும் கால்வாய்க்கும் நிலம் வேண்டி அந்நிய அரசு இயற்றிய அச்சட்டம், நாடு விடுதலை பெற்ற பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 'பொதுக் காரியம்' என்ற ஒரு சொல்லே அதன் உயிர். எது பொதுக் காரியம் என்பதைத் தீர்மானிப்பது அரசு.

அச்சட்டத்தில் நிலவுடைமையாளருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு 5-ஏ பிரிவு. முதல் அறிவிப்பு வந்த முப்பது நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம், மாவட்ட ஆட்சியர் அதனை விசாரிக்க வேண்டும் என்று அது கூறியது. 1923ஆம் ஆண்டில்தான் இப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் 17ஆம் பிரிவோ, 'அவசரம்' என்று அரசு கருதினால் அந்த விசாரணையையும் நீக்கிவிடலாம் என்றது. வெள்ளத்திற்கும் பேரிடருக்கும் பயன்பட வேண்டிய அப்பிரிவு, வீடு கட்டி விற்பவர்களுக்கு நிலம் எடுத்துத் தரவும் பயன்படுத்தப்பட்டது. அதன் வரலாறே ஷாபேரி கிராமத்தின் வரலாறு.

ஷாபேரியின் வழக்கு

தில்லியை ஒட்டி உத்தரப்பிரதேச மாநிலத்தில் 1976இல் நொய்டா என்ற தொழில் நகரம் தோற்றுவிக்கப்பட்டது. 1991இல் அதனையொட்டி கிரேட்டர் நொய்டா தொழில் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட கோதுமை வயல்களில் ஷாபேரி, பட்வாரி, பிஸ்ரக் போன்ற பழைய கிராமங்கள் இருந்தன.

2009ஆம் ஆண்டு ஷாபேரி கிராமத்தின் 156 ஹெக்டேர் நிலம், அதாவது ஏறத்தாழ 385 ஏக்கர், 'திட்டமிட்ட தொழில் வளர்ச்சிக்கு' எனக் கூறி அறிவிக்கை செய்யப்பட்டது. அவசரப் பிரிவு பயன்படுத்தப்பட்டதால் கிராமத்தாரின் ஆட்சேபணை கேட்கப்படவில்லை. சதுர மீட்டருக்கு 850 ரூபாய் அளவில் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் நிலத்தின் பயன்பாடு தொழிலிலிருந்து குடியிருப்புக்கு மாற்றப்பட்டு, அடுக்குமாடி கட்டும் தனியார் நிறுவனங்களுக்குச் சதுர மீட்டர் பத்தாயிரம் ரூபாய்க்கும் மேலான விலையில் ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலை வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று எண்ணியிருந்த கிராமத்தார், தங்கள் வயலில் எழவிருக்கும் மாடி வீடுகளின் விளம்பரப் பலகைகளைக் கண்டு திகைத்தனர்.

அவர்கள் அலகாபாத் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2011 மே மாதம் உயர்நீதிமன்றம் அந்நில எடுப்பை இரத்து செய்தது. ஆணையமும் கட்டுமான நிறுவனங்களும் மேல்முறையீடு செய்தன. 2011 ஜூலை 6ஆம் நாள், நீதியரசர்கள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அம்மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, ஆணையத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. நிலம் விவசாயிகளுக்கே திரும்பியது.

அதே மாதம் பட்வாரி கிராமத்தின் நில எடுப்பும் உயர்நீதிமன்றத்தால் இரத்து செய்யப்பட்டது. பல கிராமங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2011 அக்டோபர் 21இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு பொதுவான தீர்ப்பொன்றை வழங்கியது. பெரும்பாலான கிராமங்களில் நில எடுப்பை இரத்து செய்யாமல், விவசாயிகளுக்கு 64.7 விழுக்காடு கூடுதல் இழப்பீடும், எடுக்கப்பட்ட நிலத்தில் பத்து விழுக்காடு அளவுக்கு மேம்படுத்தப்பட்ட மனையும் தர வேண்டும் என்றது. 2015இல் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது.

நீதிமன்றத்திற்கு வெளியே இரத்தமும் சிந்தப்பட்டது. 2011 மே 7ஆம் நாள், யமுனை விரைவுச் சாலைப் பகுதியிலுள்ள பட்டா பர்சௌல் கிராமத்தில் நிலப் போராட்டம் மோதலாக மாறி, காவலர் இருவரும் கிராமத்தார் இருவரும் உயிரிழந்தனர். நிலம் எடுத்தவர்களின் பிள்ளைகள் அல்லர் மாண்டவர்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்த ஏழைக் காவலர்களும், நிலத்தை இழந்த ஏழை உழவர்களுமே மாண்டனர்.

மற்றொரு தரப்பையும் நாம் மறந்துவிடலாகாது. அங்கு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த பல்லாயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள், ஒரு பக்கம் வாடகையும் மறுபக்கம் வங்கித் தவணையும் செலுத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அவர்கள் எவருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. விளம்பரத்தை நம்பினார்கள், அது மட்டுமே அவர்கள் செய்தது.

இத்தகைய வழக்குகளும் போராட்டங்களும் சேர்ந்தே 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை வீழ்த்தின. 2013இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2014 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனத்திற்கு நிலம் எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதமும், அரசும் தனியாரும் இணைந்த திட்டமாயின் 70 விழுக்காட்டினரின் சம்மதமும் வேண்டும் என்றது அச்சட்டம். சமூகத் தாக்க ஆய்வையும் கட்டாயமாக்கியது. எல்லாவற்றிலும் முக்கியமாக, பட்டா உடையவர் மட்டுமன்றி, அந்நிலத்தை நம்பி வாழும் குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என முதன்முறையாக ஏற்கப்பட்டனர்.

வெற்றிக்குப் பின்

ஷாபேரியின் கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். நிலம் திரும்பக் கிடைத்த பின் அங்கு நடந்ததுதான் நமக்குரிய பாடம்.

நிலம் விவசாயிகளின் கைக்கு வந்தது. ஆனால் அதைச் சுற்றிலும் நகரம் எழுந்துகொண்டிருந்தது. விலை ஏறியது. சிறு சிறு கட்டுமானக்காரர்கள் வந்து கேட்டார்கள். நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அனுமதி பெறாத பல மாடிக் கட்டடங்கள் குறுகிய சந்துகளில் வரிசையாக எழுந்தன. பெரிய நிறுவனங்களின் வீடுகளை வாங்க இயலாத எளிய மக்கள் அவற்றை வாங்கிக் குடியேறினார்கள்.

2018 ஜூலை 17ஆம் நாள் இரவு, ஷாபேரியில் கட்டிக்கொண்டிருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து, குடியிருப்போர் இருந்த பக்கத்துக் கட்டடத்தின் மீது விழுந்தது. ஒன்பது பேர் மடிந்தனர்.

சகோதரர்களே! அரசின் அநீதியை எதிர்த்து நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்று வென்ற ஓர் ஊர், ஏழு ஆண்டுகளுக்குள் அந்த வெற்றியைத் தன் கையாலேயே விற்றுவிட்டது. நான் அந்த விவசாயிகளைக் குறை கூறவில்லை. சுற்றிலும் வயல் அழிந்தபின் நடுவில் ஒருவர் மட்டும் எத்தனை நாள் பயிர் செய்வார்? ஒன்றுகூடி எதிர்த்த ஊர், வென்ற பின் ஒன்றுகூடித் தீர்மானிக்கவில்லை என்பதே இதன் வேதனை.

மதீனாவின் முன்மாதிரி

இப்பொருளில் நமது வரலாற்றிலும் ஒளிமிக்க இரு நிகழ்ச்சிகள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து மஸ்ஜிதுந் நபவியைக் கட்ட நாடிய இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குரியது. பேரீச்சம்பழம் உலர்த்தும் களம் அது. அதனை இலவசமாகவே தர அச்சிறுவர்கள் முன்வந்தபோதும், நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு பெற மறுத்து, விலை கொடுத்தே பெற்றார்கள். பள்ளிவாசலைவிட உயர்ந்த பொதுக் காரியம் எது? ஆயினும் அநாதைகளின் நிலம் விலையின்றி எடுக்கப்படவில்லை.

பின்னர் ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியை விரிவுபடுத்தியபோது, நபியவர்களின் சிறிய தந்தையான அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இடையில் இருந்தது. விலை தருவதாகவும், வேறிடத்தில் கட்டித் தருவதாகவும் கலீஃபா கூறியும் அப்பாஸ் (ரலி) இணங்கவில்லை. இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றனர். உடையவரின் சம்மதமின்றி வீட்டை எடுக்கக் கலீஃபாவுக்கு உரிமையில்லை என்பது அவருடைய தீர்ப்பு. ஆட்சியாளர் அதற்குப் பணிந்தார். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி), உரிமை நிலைநாட்டப்பட்ட மனநிறைவோடு, தம் வீட்டைத் தாமாகவே தர்மமாக வழங்கினார்கள். சம்மதத்தை மதித்தபோது, விலைக்கும் கிடைக்காதது விலையின்றியே கிடைத்தது. ஸ்டீவனேஜ் மக்களும் ஷாபேரி மக்களும் கேட்டது இந்த மதிப்பைத்தான்.

நமது நிலை

இப்போது நம் கிருஷ்ணன்கோவிலைப் பார்ப்போம். மேற்கே மலைத்தொடர். மலையிலிருந்து இறங்கும் நீர் கண்மாய்களில் தேங்கி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும்படி நம் முன்னோர் அமைத்த ஏற்பாடு இது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே போகிறது. சாலை உள்ள இடத்தில் மனை விற்கும். மனை விற்கும் இடத்தில் வயல் நிற்காது.

இங்கே பெரிய நகரத் திட்டம் எதுவும் நம் கதவைத் தட்டவில்லை. ஆகவே எதிர்க்க எவரும் கூடவில்லை. ஆனால் கொடிகள் நட்டு, கற்கள் பதித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட மனைப்பிரிவுகளை நாள்தோறும் காண்கிறோம். வெளியூர்களில் நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். ஒரு மனைப்பிரிவில் நீர்வரத்துக் கால்வாயைச் சமன் செய்து அதன் மேல் தெரு போட்டிருந்தார்கள். வாங்கியவர்களில் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் நின்றது. கீழேயிருந்த கண்மாயோ நிறையவில்லை. ஒரே தவறினால் வீடு வாங்கியவரும் அழுதார். பயிர் வைத்தவரும் அழுதார்.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென 2016 செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததும், அதன்பின் 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்ததும் நீங்கள் அறிந்ததே. அன்று நம் ஜமாஅத்திலும் எத்தனை பேர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே அப்பெரியவருக்கும் அவ்விளைஞருக்கும் நான் கூற விரும்புவது இதுவே.

பெரியவரே! நிலத்தை விற்பது உங்கள் உரிமை. அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் விற்பதற்கு முன், உங்கள் நிலத்தின் வழியே அடுத்தவர் நிலத்திற்குத் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். போகுமாயின், அந்த வாய்க்காலை மூடக்கூடாதென்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த கூலியாளை நினைவில் வையுங்கள். நிலம் போகும்போது உங்களுக்குப் பணம் வரும். அவருக்கு எதுவும் வராது.

இளைஞரே! வீடு கேட்பது பேராசையன்று, அது தேவை. ஆனால் மனை வாங்கும் முன் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்தால் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். கண்மாய்க்கும் ஓடைக்கும் உரிய இடம் அதில் கோடாக வரையப்பட்டிருக்கும். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று நீர் போகும் வழியில் வீடு கட்டாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் போன்ற நாட்களில் கூடும் கிராமசபைக் கூட்டங்களுக்கு நம்மில் பலர் செல்வதில்லை. ஊரின் எந்தப் பக்கம் வீடுகள் பெருகலாம், எந்தக் கால்வாயும் ஆயக்கட்டும் தொடப்படக் கூடாது என்று எல்லாச் சமுதாயத்தாரும் சேர்ந்து தீர்மானிக்கத் தக்க இடம் அதுவே. வானம் பார்த்த மேட்டு நிலமும் கரடும் நம் பகுதியில் உண்டு. வீடுகள் அங்கே எழட்டும். நஞ்சையும் நீர்வழியும் நிற்கட்டும். ஒருவர் தனியே இதைச் செய்ய முடியாது என்பதை ஷாபேரி காட்டிவிட்டது.

அன்று திண்ணையில் கேட்ட பெரியவர் தம் நிலத்தை இன்னும் விற்கவில்லை. விற்க மாட்டேன் என்றும் கூறவில்லை. அந்த இளைஞர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். இருவரும் ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள். இருவருக்கும் நியாயமான வழியை இந்த ஊர் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் தனித்தனியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான வீட்டையும், பிறர் உரிமையைப் பேணும் உள்ளத்தையும், நம் கண்மாய்கள் நிறையும் மழையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.